இரண்டு ‘கொ’

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு யார் வேண்டுமானாலும் நிரல் எழுதி அனுப்பலாம் என்பார்கள். உண்மைதான். அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விடாது என்பதும் உண்மை. பராமரிப்பாளர்கள் என்று இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் வரி வரியாகப் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, திருப்தியான பிறகே அது சேரும். இதைத்தான் கோட் ரிவ்யூ என்கிறோம். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. அலுவலகம் முடிந்து, குழந்தைகள் தூங்கிய பிறகு செய்கிற வேலை. இதெல்லாம் தெரிந்தும் பதினாறு மாதம் எரிச்சலோடு காத்திருந்தேன்.

நான் அனுப்பியது தமிழ் எழுத்து சம்பந்தப்பட்டது. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக வைக்கலாம். ‘க’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு வழி. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வருவது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் சமம் என்றே யூனிகோட் நியமமும் சொல்கிறது. ஆனால் மென்பொருள் அதைக் கவனித்து எழுதப்படாவிட்டால், ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. கோ, கௌ இரண்டுக்கும் இதே கதி.

கோவில்பட்டியில் இருக்கும் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கரிசல் வட்டாரச் சொற்களை இருபது வருஷமாகச் சேர்க்கிறார். குறிப்பெடுக்கும் மென்பொருள் ஒன்றில் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவரே தட்டச்சு செய்தவை ஒரு வடிவத்தில் இருக்கும். பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றியவை இன்னொரு வடிவத்தில். ‘மோடம்’ என்று தேடினால் வராது. ‘டம்’ என்று தேடினால் குடம், தடம், படம் எல்லாவற்றோடும் அதுவும் வரும். ‘பொலி’க்கும் ‘கொழு’வுக்கும் இதே பாடு. அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம். பக்கம் பக்கமாக உருட்டிப் பார்க்க முடியாது. தேடல் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

அவருடைய கோப்பை மட்டும் சரிசெய்ய ஐந்து வரி ஸ்கிரிப்ட் போதும். செய்தும் கொடுத்தேன். ஆனால் அவருடைய பழைய சக ஆசிரியர்கள் வாரம் ஒரு பட்டியல் அனுப்புவார்கள், எல்லாம் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியவை. ஒவ்வொரு ஞாயிறும் மியூனிக்கிலிருந்து அவர் கணினிக்குள் புகுந்து அந்த ஸ்கிரிப்டை ஓட்டுவது எத்தனை நாளைக்கு? ஆகவே மென்பொருளையே திருத்தி 2023 மார்ச்சில் அனுப்பினேன். தேடல் சரியாக நடக்கப் பதினொரு வரி. தேடிய சொல்லின் மேல் மஞ்சள் நிறம் சரியான இடத்தில் விழ அறுபது வரி. இரண்டு குறியீட்டை ஒன்றாக்கும்போது எழுத்தின் எண்ணிக்கை குறைந்து, மஞ்சள் ஒரு எழுத்து தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலையெல்லாம் அங்கேதான்.

ஒரு நிமிடத்துக்குள் தானியங்கி நன்றி சொன்னது. அப்புறம் ஐந்து மாதம் பேச்சே இல்லை. ஆகஸ்டில் ஒரு வரி வந்தது: மூல நிரல் மாறிவிட்டது, புதுப்பித்து அனுப்பவும். புதுப்பித்தேன். மறுபடியும் மௌனம். டிசம்பரில் இன்னொருவர் வந்து, ஒரு மாறியின் பெயர் நீளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வாராவாரம் ஒரே கேள்விதான் கேட்பார். “என்னய்யா, ஒன் நோட்டத் திருத்திக் குடுத்துட்டாங்களா?” அறுபது கட்டுரை நோட்டுகளை ராத்திரியோடு திருத்தி மறுநாள் காலையில் வகுப்புக்குக் கொண்டுபோனவர் அவர். இந்த உலகத்தின் நடைமுறையை அவருக்கு விளக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

பொறுமைக்கு இந்தத் துறையில் பெரிய உதாரணங்கள் உண்டு. நான் போய்வரும் தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டும் நிகழ்நேர லினக்ஸ், ஏறக்குறைய இருபது வருஷம் தனிப் பேட்ச்சுகளாகவே வெளியே இருந்தது. அது லினக்ஸின் மூலத்தோடு முழுமையாகச் சேர்ந்தது 2024இல்தான். அதோடு ஒப்பிட்டால் என்னுடைய பதினொரு வரி எம்மாத்திரம்? ஆனால் ஒப்பிட்டு ஆறுதல் அடைகிற மனநிலையில் நான் இல்லை. வேறு திருத்தங்கள் இரண்டே வாரத்தில் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் என்றால் யாருக்கும் அவசரமில்லை என்று ஒரு கசப்பு உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது. உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் சிறிய சுருக்கு மென்பொருள் அது. பல வருஷமாகப் பின்லாந்துக்காரர் ஒருவர் அநேகமாகத் தனியாளாக, சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்று சிலர் அவரை நெருக்கினார்கள். உடல்நலம் சரியில்லை, இது பொழுதுபோக்காகச் செய்வது என்று அவர் சொல்லியும் விடவில்லை. ஜியா டான் என்ற பெயரில் உதவிக்கு வந்த ஆள் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, கடைசியில் கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால் அது பிடிபட்டது. நெருக்கியவர்கள் பலரும் அதே திட்டத்தின் போலிப் பெயர்கள்தான் என்று இன்று பரவலாக நம்பப்படுகிறது.

அந்தக் கள்ளச் சரக்கு ஒளிந்திருந்த இடம் சோதனைக் கோப்புகள். அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. என் பேட்ச்சிலும் சோதனைக் கோப்பு ஒன்று இருந்தது. அதில் என்ன? கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் சொற்கள், நாற்பது ஜோடி. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர், முன்பின் அறியாத ஒருவனிடமிருந்து வந்த அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? எனக்கு அது ‘பொலி’யும் ‘கொழு’வும். அவருக்கு அது வேண்டுமென்றே செய்த கண்கட்டு வித்தைபோல் இருந்திருக்கலாம்.

மே மாதம் ஒருவர் உண்மையாகவே உட்கார்ந்து படித்தார். சோதனைச் சொற்களை எழுத்தாக வைக்காமல் குறியீட்டு எண்களாக எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். பெரிய கோப்பில் தேடல் எவ்வளவு மெதுவாகும் என்று அளந்து காட்டச் சொன்னார். வங்காளத்திலும் மலையாளத்திலும் இதே சிக்கல் உண்டா என்றும் கேட்டார். உண்டு. என் நிரல் அவற்றுக்கும் வேலை செய்தது, ஆனால் சோதனை தமிழுக்கு மட்டுமே இருந்தது. மூன்று வாரம், பதினேழு கேள்விகள். அவ்வளவு கவனமாக என் நிரலை அலுவலகத்தில்கூட யாரும் படித்ததில்லை. ஜூலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். திருத்தியவருக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். “பெறவு ரெண்டு ‘கொ’வும் ஒண்ணுதான்னு அவருக்கு எப்படிய்யா புரியவச்ச?” அதற்குத்தான் பதினாறு மாதம் ஆச்சு என்று சொல்லிவைத்தேன். உண்மை அதில் பாதிதான். மூன்று வாரத்தில் புரியவைக்க முடிந்ததற்கு, முன்னால் பதினான்கு மாதம் யாரும் வாயைத் திறக்கவில்லை. தாமதத்தை நான் மன்னித்துவிட்டேன். ‘பார்த்தேன், கோடைவரை நேரமில்லை’ என்று ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதுமே, அந்த மௌனத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அதே மென்பொருளில் மற்றவர்கள் அனுப்புவதை வியாழன் இரவுகளில் நானும் படிக்கிறேன். இருநூறு வரியை ஒழுங்காகப் படிக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிறது. படிப்பதற்கு முன்னால் தேதி ஒன்றைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதிப் போடுகிறேன். போன வாரம் வந்தது மலையாளம் பற்றியது, ஒரு மாணவர் அனுப்பியிருக்கிறார். சோதனைச் சொற்கள் எழுத்தாகவே இருக்கின்றன. எனக்கு அந்த லிபி படிக்கத் தெரியாது. குறியீட்டு எண்களாக மாற்றித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறேன்.