கண்டாவளைக் காற்றுக்கு ஒரு கணக்கு

2022 டிசம்பர் 8 ஆம் திகதி காலமை எங்கட ஊரில் பனி மாதிரி ஒன்று இறங்கியிருந்தது. மார்கழியில் பனி வாறது புதுசில்லை. ஆனால் இது பத்து மணிக்கும் கலையேல்லை. பரந்தன் சந்தியில் நின்று பார்த்தால் ஆனையிறவுப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. தொண்டை கரகரத்தது. அடுத்த நாள் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். மாண்டஸ் புயலின் குளிர் காற்றில் வடக்குக் கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. எங்கட வயல்வெளிகளிலும் மாடுகள் விறைத்துக் கிடந்ததைக் கண்டோம்.

ரேடியோவில், இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்த மாசு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை மேற்கோள் காட்டிச் சொன்னார்கள். எங்களில் ஒருவருடைய அம்மம்மா இழுப்பு வருத்தக்காரி. பம்மை ஒருக்கால் இழுத்துவிட்டு அவ கேட்டா: “அங்கால இருந்து வந்தது சரியடா. எங்கட புகை எவ்வளவு?”

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கூகிளில் தேடினோம். கொழும்புக்கும் கண்டிக்கும் ஏதோ இருந்தது. கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியென்றால் நாங்களே எழுதுவோம் என்று ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினோம். நாங்கள் ஐந்து பேர். ஒருவர்கூட சூழலியல் படித்தவரில்லை.

முதலில் எங்களுக்குப் புரிந்த விஷயம், காற்றை அளப்பதும் புகையைக் கணக்கெடுப்பதும் ஒன்றல்ல என்பது. அளக்கிற கருவி காற்றில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லும். யார் விட்டது என்று சொல்லாது. அதற்கு உமிழ்வுப் பதிவேடு வேண்டும். அதன் சூத்திரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு வேலை எவ்வளவு நடக்கிறது என்ற எண்ணிக்கையை, அந்த வேலையின் ஒரு அலகுக்கு எவ்வளவு புகை வரும் என்ற காரணியால் பெருக்க வேண்டும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். மணிக்கு ஒரு லீற்றர் குடிக்கிற இறைப்பு மெசின் ஒன்று பத்து மணித்தியாலம் ஓடினால் 27 கிலோ. அவ்வளவுதான். பெருக்கல் லேசு. எண்ணுறதுதான் கஷ்டம்.

இதை மிக நுணுக்கமாகச் செய்திருப்பவர்கள் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற இடங்களில் இருப்பவர்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அப்பர் கிரீன் ரிவர் என்றொரு பள்ளத்தாக்கு. சனம் குறைவு, மாடு கூட, வெளி கூட. எங்களுக்கு வாசிக்கும்போதே பழகிய இடம் மாதிரி இருந்தது, பனி மட்டும்தான் வித்தியாசம். அங்கே ஜோனா, பைன்டேல் என்ற வாயு வயல்கள் வளர்ந்தன. 2008 இல் நடு மாரியில் ஓசோன் எச்சரிக்கை கொடுக்கவேண்டி வந்தது. ஓசோன் என்றால் பெரிய நகரத்து வெயில்காலப் பிரச்சினை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பனித்தரையில் தெறிக்கிற வெயில், அசையாத காற்று, வாயு வயலிலிருந்து வருகிற நைதரசன் ஒட்சைட்டுகளும் ஆவியாகும் சேர்மங்களும் எல்லாம் சேர்ந்தால் மாரியிலும் ஓசோன் உண்டாகும் என்று பிறகு தெரிந்தது. 2012 இல் அந்தப் பள்ளத்தாக்கு காற்றுத் தர அளவை எட்டாத பிரதேசமாக அறிவிக்கப்பட்டது.

அந்த மாதிரி இடங்களின் பதிவேட்டில் என்னென்ன இருக்கும் என்று பார்த்தோம். கிணறு தோண்டுகிற பெரிய டீசல் எஞ்சின்கள். வாயுவை அமுக்கித் தள்ளுகிற கொம்பிரசர்கள். வாயுவிலிருந்து ஈரத்தைப் பிரிக்கிற இயந்திரங்கள். தாங்கிகளிலிருந்து கிளம்புகிற ஆவி. வாயு அழுத்தத்தில் வேலை செய்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வாயுவை வெளியே விடுகிற சின்னச் சின்ன வால்வுகள். எரிகோபுரத்துச் சுவாலை. தண்ணீர் ஏற்றி இறக்குகிற லொறிகள், அவை கிளப்புகிற புழுதி. ஒரு கிணற்றுக்கு இவ்வளவும். பிறகு அதைக் கிணறுகளின் தொகையால் பெருக்க வேண்டும்.

“எங்களுக்கு ஏன் இது? கண்டாவளையில எண்ணெய்க் கிணறா இருக்கு?” என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

மன்னார் எங்களுக்குத் தூரமில்லை. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் எண்ணெய் தேடித் தோண்டினார்கள், விற்கிற அளவுக்குக் கிடைக்கவில்லை. 2011 இல் கெயர்ன் நிறுவனம் மன்னார் படுகையில், 1300 மீற்றருக்கு மேல் ஆழமான கடலுக்கடியில், டொராடோ என்று பெயரிட்ட கிணற்றில் இயற்கை வாயுவைக் கண்டது. அதே வருடம் பராகுடா என்ற கிணற்றிலும் கண்டார்கள். 2015 இல் அந்த நிறுவனம் விட்டுவிட்டுப் போனது. 2021 இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. வாயு இன்னும் கடலுக்கடியில்தான் கிடக்கிறது. எங்களுக்கு வடக்கே பாக்கு நீரிணைக்குக் கீழே இருப்பது காவிரிப் படுகை. அதன் மறுகரையில், நரிமணம் பக்கம், பல பத்தாண்டுகளாக எண்ணெய் எடுக்கிறார்கள். 2017 இல் நெடுவாசல் சனம் வாயுத் திட்டத்துக்கு எதிராக மாதக்கணக்கில் குந்தியிருந்ததும், 2020 இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனதும் அதே படுகையின் மேல்தான்.

நாளைக்கு வாயு வருமோ வராதோ, அது எங்கட கையில் இல்லை. ஆனால் வந்தபிறகு எண்ணத் தொடங்கினால் பிந்திவிடும். சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணியில் எண்ணெய் மிதந்தபோது, அது எங்கிருந்து வந்தது, எப்போதிருந்து இருக்கிறது, எவ்வளவு என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள். தனியார் மின் நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில்தான் தீர்ப்புச் சொன்னது. முந்தி எப்படி இருந்தது என்று எழுதிய ஒரு தாள் இல்லாவிட்டால், பிறகு எல்லாம் வாய்ச்சண்டைதான்.

சரி, எண்ணத் தொடங்கினோம். சிறுபோகத்துக்கு இறைக்கிற மெசின்கள், லான்ட்மாஸ்டர், உழவு இயந்திரம், வெட்டு மெசின், அரிசி ஆலைகள், மணல் டிப்பர்கள், அறுவடை முடிய வயலில் கொளுத்துகிற வைக்கோல், வீட்டு அடுப்பு, குப்பைக் குழி. எங்கட ஊரின் “கிணறுகள்” இவைதான்.

முதல் பிழை முதல் கிழமையே விட்டோம். 2022 ஐ அடிப்படை ஆண்டாக எடுத்தோம். அது எரிபொருள் வரிசை வருடம். கியூ.ஆர். காட்டி நாலைந்து லீற்றர் அடிக்கக் கிடந்த வருடம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆன வருடம். மெசினைப் பூட்டி வைத்தவர்கள் எத்தனை பேர், சிலிண்டர் இல்லாமல் விறகுக்கு மாறின வீடுகள் எத்தனை. அந்த வருடத்துக் கணக்கில் வயலின் புகை குறைந்தும் அடுப்பின் புகை கூடியும் நிற்கும். பஞ்சத்தைச் சுத்தமான காற்று என்று எழுதியிருப்போம். பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினோம்.

இரண்டாவது பிழை, பெற்றோல் செற்றில் விற்ற டீசலை எல்லாம் எங்கட டீசல் என்று நினைத்தது. ஏ-9 வீதியில் போகிற பஸ்ஸும் லொறியும் இங்கே அடித்துவிட்டு வவுனியாவில் புகைவிடும். விற்கிற இடமும் எரிகிற இடமும் வேறு. ஆகவே வீடு வீடாகப் போனோம்.

அங்கேதான் மூன்றாவது சிக்கல். “என்னத்துக்குத் தம்பி எழுதுறியள்? வரி போடவோ?” என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். புளியம்பொக்கணைப் பக்கம் ஒரு ஐயா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். “எங்களை எத்தினை தரம் எண்ணிப் போட்டாங்கள். எண்ணினவங்கள் என்ன செய்தவங்கள்?” என்றார்.

எங்களுக்கு அந்தக் கதை தெரியும். 2009 தை மாதம் நாங்கள் சின்னப்பிள்ளைகள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு என்று உழவு இயந்திரப் பெட்டிகளில் போனவர்கள். அந்த மாசியில் வன்னிக்குள் 70,000 பேர்தான் இருப்பதாக அரசாங்கம் சொன்னது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அந்தக் கணக்கு. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே மூன்று லட்சத்துக்குக் கிட்ட. வராதவர்கள் வேறு. மேசையிலிருந்து எண்ணினால் குறையும், குறைத்து எண்ணுகிறவனுக்கு அதில் லாபமும் இருக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

புகைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்க எண்ணெய், வாயுத் துறை விடுகிற மீதேன் அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதைவிட ஏறத்தாழ 60 வீதம் கூட என்று 2018 இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. வயலுக்குக் கிட்டப் போயும் விமானத்தில் பறந்தும் அளந்து பார்த்தவர்கள் கண்டது அது. ஒழுங்காக ஓடுகிற மெசின்களின் காரணியை வைத்துப் பதிவேடு எழுதியிருந்தார்கள். மூடி திறந்து கிடந்த தாங்கி, பழுதான வால்வு எல்லாம் கணக்கில் பிடிபடவில்லை. மீதேன் 20 வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 80 மடங்குக்கு மேல் சூடாக்கும் என்பதால், தவறவிட்டது சின்ன விஷயமில்லை.

அந்த ஐயாவுக்கு நாங்கள் கொப்பியைக் காட்டினோம். பெயர் எழுதும் இடமே இல்லை, மெசின், மணித்தியாலம், லீற்றர் மட்டும்தான். அவர் மெல்லப் படலையைத் திறந்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினார்கள் என்று சொன்னார். ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவது. வீதி முழுக்க வெள்ளைப் புகை. “அதுக்கு உங்கட கொப்பியில காரணி இருக்கோ?” என்று கேட்டார். இல்லை. எந்த நாட்டுக் கொப்பியிலும் இருக்காது.

இப்போது கொப்பி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. வைக்கோல் கணக்கு இன்னும் சரிவரவில்லை. ஈர வைக்கோல் ஒரு மாதிரி எரியும், காய்ந்தது வேறு மாதிரி. ஆலைகளில் சிலது பதில் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அம்மம்மாவிடம் கொண்டுபோனோம். தொன் கணக்கில் பார்த்தால் அவவின் அடுப்பு கடைசி வரிகளில் ஒன்று. வயலும் டிப்பரும் மேலே நிற்கின்றன. ஆனால் அந்தக் கடைசி வரிதான் அவவின் மூக்குக்கு இரண்டு அடி தூரத்தில் எரிகிறது. 2020 இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் வீட்டுப் புகையால் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. எவ்வளவு புகை என்பது ஒரு கேள்வி, யாருக்குக் கிட்ட என்பது இன்னொரு கேள்வி. பதிவேடு முதலாவதுக்குத்தான் பதில் சொல்லும். நாங்கள் இதை விளங்கப்படுத்த, “அப்ப இவ்வளவு நாளும் ஊரெல்லாம் சுத்திப்போட்டு என்ர குசினிக்கே வந்து நிக்கிறியள்” என்றா. அடுத்த கிழமை மூன்று பேர் போய்க் குசினிக் கூரைக்கு ஒரு புகைபோக்கி வைத்துக் கொடுத்தோம். இழுப்பு நிற்கவில்லை. இருமல் கொஞ்சம் குறைவு என்கிறா.

கடைசிப் பக்கத்தில் “எண்ணெய், இயற்கை வாயு” என்று ஒரு தலைப்புப் போட்டிருக்கிறோம். கிணறு, கொம்பிரசர், தாங்கி, எரிகோபுரம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே 0 போட்டோம். ஒன்றுமில்லாததை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். கீழே திகதி போட்டு ஐந்து பேரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். உங்கட ஊரிலும் ஒரு கொப்பி திறவுங்கோ.