அம்மாவின் ஷட்டருக்கு நான் போட்ட கணக்கு

போன மே மாசம் எங்க அம்மாவோட சீட்டுப் பணத்தை நான் கிட்டத்தட்ட வீணடிச்சிருப்பேன். அதுவும் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கின தைரியத்தில்.

எங்க வீடு மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியுற ஒரு தெருவில் இருக்கு. கீழே கார் நிறுத்தறதுக்குன்னு கட்டின ரூம். கார் வாங்கவே இல்லை, அதனால் அது அம்மாவோட தையல் கடை ஆயிடுச்சு. மேற்கு பார்த்த ரூம். முன்பக்கம் முழுக்க எட்டுக்கு எட்டு அடி ஷட்டர், மத்த மூணு பக்கமும் சுவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணி நின்னதிலிருந்து ஷட்டரின் அடிப்பட்டைகள் துருப்பிடிக்க ஆரம்பிச்சு, கடைசியில் கையோடு பிய்ஞ்சு வந்துச்சு. மாத்தியே ஆகணும்.

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு நாம எல்லா கடையிலும் பார்க்கிற ஒற்றைத் தகடு ஷட்டர். இன்னொண்ணு இன்சுலேட்டட்: ரெண்டு தகட்டுக்கு நடுவில் பாலியூரித்தேன் ஃபோம், அதாவது பஃப் அடைச்சது. விலை கிட்டத்தட்ட மூணு மடங்கு சொன்னாங்க. வித்தியாசத் தொகை மட்டுமே என் ஒரு செமஸ்டர் ஃபீஸுக்கு மேல போச்சு.

கோதண்டராமன் - சுப்ரமணியன் டேட்டா புக்கை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க. ஷட்டர் பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். மே மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு மேற்குச் சுவரில் விழுற வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட், வெளியே 37 டிகிரி, உள்ளே 35 டிகிரின்னு வெச்சுக்கிட்டேன். பழைய ஷட்டர் கரும்பச்சை பெயிண்ட். விழுற வெயிலில் 70 சதவீதம் உறிஞ்சும்னு எடுத்தா, வெளிக்காத்தே 54 டிகிரியில் இருந்தா எப்படியோ அப்படி ஒரு நிலைமை. ஒற்றைத் தகட்டில் இரும்பு தடுக்கிறது ஒண்ணுமே இல்லை. தகட்டை ஒட்டி ரெண்டு பக்கமும் நிக்கிற காத்துப்படலம் மட்டும்தான் தடுப்பு, யூ மதிப்பு 5.9. உள்ளே வர்ற வெப்பம் சுமார் 670 வாட். அம்மா துணி தேய்க்கிற அயர்ன் பாக்ஸ் 750 வாட். அதை ஆன் பண்ணி ரூம் நடுவில் வெச்ச மாதிரி!

அதே இடத்தில் 25 மில்லிமீட்டர் பஃப் போட்டா யூ மதிப்பு 0.85. உள்ளே வர்றது வெறும் 100 வாட். பேப்பரைக் கொண்டுபோய் அம்மாகிட்ட காட்டினேன். அவங்களுக்கு வாட் புரியலை, ஆனா "நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சீட்டை எடுக்கவே முடிவு பண்ணிட்டாங்க.

அளவெடுக்க வந்த ஷட்டர்காரர்தான் கேட்டார்: "தம்பி, கடையை எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

ஒன்பது மணிக்குத் திறந்தா ராத்திரி எட்டரைன்னு சொன்னேன். "அப்ப பகல் முழுக்க ஷட்டர் மேலே சுருண்டுதானே கிடக்கும்?" விலை கூடினதை விக்கிறதுதான் அவருக்கு லாபம், ஆனாலும் கேட்டார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கோபமும் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபிரெண்டோட ஐஆர் தெர்மாமீட்டரை வாங்கிக்கிட்டு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்தேன். (பெயிண்ட் அடிக்காத புது ஜிஐ தகட்டில் அதை நேரா பிடிச்சா பொய்யா குறைச்சுக் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது மேல பிடிங்க.) மூணு மணி வரைக்கும் ஷட்டர் திறந்தே இருந்தது. மூணு மணிக்கு வெயில் மெஷின் மேல விழ ஆரம்பிச்சதும் அம்மா ஷட்டரைப் பாதிக்கு இழுத்து விட்டாங்க. இது தினமும் நடக்கறதுதானாம், நான் காலேஜ்ல இருக்கிற நேரம். நாலரைக்குத் தகட்டோட உள்பக்கம் 51 டிகிரி. அதிலிருந்து மூணு அடி தள்ளி அம்மா முகம். காத்துச் சூடு ஒரு பக்கம்னா, தகடு வீசுற அனல் நேரா முகத்தில் அடிக்குது. அவங்க மாத்திரை போட்டுக்கிட்டு சமாளிச்ச சாயங்காலத் தலைவலிக்கு இதுதான் காரணமோன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு.

இன்சுலேட்டட் போட்டா? இறக்கி விட்ட அந்தப் பாதிக்கு மட்டும், மூணு மணி நேரம் வேலை செய்யும். கீழே நாலு அடி திறப்பு, அது வழியா 37 டிகிரி காத்து தாராளமா வரும். பூட்டின பிறகு ராத்திரி முழுக்க அது ரூமுக்குப் போர்வை. பகலில் சுவர் வாங்கி வெச்ச சூடு வெளியே போக ஒற்றைத் தகடு வழி விடும், பஃப் விடாது.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஒற்றைத் தகட்டுக்கே வெள்ளை பெயிண்ட் அடிச்சா உறிஞ்சுறது 30 சதவீதமாகும், உள்ளே வர்றது 330 வாட்டுக்குக் குறையுது. அதோட ஷட்டருக்கு வெளியே ஒரு அடி தள்ளி, முக்கால்வாசி வெயிலை மறைக்கிற பச்சை நெட்டைக் கட்டினா 135 வாட். பஃப் கொடுத்தது 100. நடுவில் இருக்கிற 35 வாட்டுக்கா ஒரு செமஸ்டர் ஃபீஸ்? நெட்டை வெளியேதான் கட்டணும். உள்ளே கட்டினா தகடு எப்பவும் போலக் காயும்.

ஏசி போடுற ரூம்னா கதை வேற. உள்ளே 25 டிகிரி வெச்சு, கதவை நாள் முழுக்க மூடியே வெச்சிருந்தா, வெயில் நேரத்தில் ஒற்றைத் தகடு 1000 வாட்டுக்கு மேல உள்ளே விடும், பஃப் 150 வாட்தான். கராஜை ஜிம்மாவோ ஆபீஸாவோ மாத்தி ஏசி வைக்கிறவங்க யோசிக்காம இன்சுலேட்டட் வாங்கலாம். அப்பவும் பட்டைக்குப் பட்டை இருக்கிற இணைப்பையும், மேலே உருளைப் பக்கம் இருக்கிற இடைவெளியையும் பாருங்க. விளம்பரத்தில் வர்ற ஆர் மதிப்பு பெரும்பாலும் பலகையோட நடுவுக்குப் போட்டது, அந்தச் சந்துக்கு இல்லை. இந்த விளம்பர மொழியே பனி கொட்டுற அமெரிக்க ஊர்களில், வீட்டோட ஒட்டின கராஜுக்காகப் பிறந்தது. நம்ம ஊர் வெப்பமும் ஈரமும் சேர்ந்தது. வீடுகளுக்குன்னு 2018ல் மத்திய அரசு கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா, சென்னை மாதிரி ஊர்களுக்குத் தரைப் பரப்பில் 16.66 சதவீதம் திறக்கக்கூடிய ஜன்னல் கேக்குது. வறண்ட வெயில் ஊருக்கு 10 சதவீதம் போதும்ங்குது. இங்கே காத்துதான் முக்கியம். 1928ல் திறந்த காத்தே மருந்துன்னு நம்பின டாக்டர் சௌரிமுத்து, காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினதும் இதே தாம்பரத்தில்தான்.

எங்க கடைக்குக் காத்து வர்ற வழியே கிடையாது. மதியத்துக்கு மேல கடல்காத்து கிழக்கிலிருந்து வரும், கிழக்குச் சுவர் அடைப்பு. அதனால் அம்மாகிட்ட என் பேப்பர் தப்புன்னு சொன்னேன். ஷட்டர்காரருக்கும் போன் பண்ணி ஒற்றைத் தகடே, வெள்ளை பெயிண்ட் அடிச்சுப் போடச் சொன்னேன். அவர் சிரிக்கலை, அதுவே பெரிய விஷயம். மிச்சப் பணத்தில் கொஞ்சம் எடுத்துக் கிழக்குச் சுவரை உடைச்சு நாலுக்கு மூணு அடி ஜன்னல் வெச்சோம். விதிப்படி 28 சதுர அடி வேணும், எங்களுக்குக் கிடைச்சது 12. அதுக்கு மேல போனா பக்கத்து வீட்டு பாத்ரூம் குழாய் இடிக்குது.

இப்ப நாலரை மணிக்குத் தகடு 40 டிகிரி. கடல்காத்து லேட்டா வர்ற நாளில் ஜன்னலும் ஒண்ணும் பண்றதில்லை, அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டத்தான் செய்யுது. தலைவலி மாத்திரை அட்டை மட்டும் ஊசி டப்பாவில் பிரிக்காம கிடக்கு. ஐப்பசி மழையில் நெட் ஒரு மூலையில் கிழிஞ்சிருக்கு, இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவே தைச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.