முதுகின் நீளம்

கோலியாத்தை எதிர்கொள்ளப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் தம்முடைய போர் உடையை அணிவித்ததாகச் சாமுவேல் முதல் நூல் கூறுகிறது. சவுலோ, இஸ்ரயேலர் அனைவரையும்விடத் தோளுக்கு மேல் உயர்ந்து நின்றவர். இளைஞன் அதை அணிந்துகொண்டு நடந்து பார்த்தான், இயலவில்லை, கழற்றி வைத்துவிட்டான். மறையுரைகளில் நாம் தாவீதின் நம்பிக்கையைப் போற்றுகிறோம். அவன் நடந்து பார்த்தான் என்ற சிறு செய்தியை எளிதில் கடந்துவிடுகிறோம்.

கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் அக்டோபர் திருவிழாவுக்கு எங்கள் பங்கு மக்களில் சிலர் குன்னத்தூரிலிருந்து அவிநாசி, தெக்கலூர் வழியாக நடந்தே செல்வர். ஆளுக்கொரு முதுகுப்பை. இரண்டு லிட்டர் தண்ணீர், துண்டு, மாற்றுடை, மழைக்கோட்டு, கட்டுச்சோறு எனப் பையின் எடை ஐந்து, ஆறு கிலோவை எட்டிவிடும். சென்ற முறை பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அவிநாசியை அடையும் முன்பே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல உயரம், உழைத்து உரமேறிய உடம்பு. "நமக்கு உடம்பு பத்தலைங்க சாமி, அடுத்த வருசம் வேன்ல வந்துக்கறனுங்க" என்றார். அவரைவிட இருபது வயது மூத்த பெண்கள் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். வலியைக் காட்டிலும் அந்த வெட்கமே அவரை வாட்டியது.

எனக்கு அவருடைய உடம்பைவிடப் பையின் மீதுதான் ஐயம் எழுந்தது. இடுப்புப்பட்டை தொப்புளுக்கு மேலே வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது. தோள்பட்டைகளோ தோளின் உச்சிக்கு வெகு கீழே பையில் தைக்கப்பட்டிருந்ததால், அடிக்கு அடி தோளைப் பின்னும் கீழுமாக இழுத்தன.

பையின் பொருத்தத்தை அறிய ஆளின் உயரம் உதவாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். கோவிலில் நின்றால் நம்மளவே இருப்பவர், அமர்ந்தவுடன் பின்னால் இருப்பவருக்குப் பீடத்தையே மறைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் முதுகு நீண்டவர். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தும் எலும்பு ஒன்று உண்டு. அதிலிருந்து இடுப்பெலும்புகளின் மேல்விளிம்புக்கு நேரான இடம்வரை முதுகின் வளைவோடு அளந்தால் வருவதே வேண்டிய அளவு. அவருக்கு இருபத்தொன்றரை அங்குலம் வந்தது. அவருடைய பையில் தோள்பட்டை தைத்த இடத்துக்கும் இடுப்புப்பட்டைக்கும் இடையே பதினேழே அங்குலம்.

கடைகளில் பைகளை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள்: இருபது லிட்டர், முப்பது லிட்டர். அது பையின் வயிற்றளவு; சுமப்பவரின் முதுகளவு அன்று. மலையேறுவோருக்கான பெரிய பைகளை முதுகின் நீளத்துக்கேற்பப் பல அளவுகளில் செய்கின்றனர். பகல் நடைக்குரிய சிறு பைகளோ பெரும்பாலும் ஒரே அளவில் வருகின்றன. விதிவிலக்குகள் உண்டு. ஆஸ்பிரே நிறுவனத்தின் டேலன் 22 என்னும் பை இரண்டு முதுகளவுகளில் கிடைக்கிறது. ஜெர்மானிய நிறுவனமான டாய்ட்டர், நெடிய முதுகினருக்கான பைகளுக்கு 'ஈ.எல்.' என்றே பெயரிட்டிருக்கிறது. ஆனால் செக்கிங் தொழிலாளியின் கூலிக்கு அவை எட்டாத விலை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் பனியன் கம்பெனிகளில் ஒரு சட்டைக்கே எஸ், எம், எல், எக்ஸ்எல் என அளவு பிரித்து, அரை அங்குலம் பிசகினாலும் திருப்பி அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் பின்னல் துணி இழுத்த இழுப்புக்கு வரும். இழுபடாத முதுகுப்பைக்கு ஒரே அளவு போதும் என்று எவரோ தீர்மானித்திருக்கிறார்கள்! (குருக்களின் நிலை பரவாயில்லை. எந்தக் கோவிலின் வெள்ளங்கியானாலும் இடைக்கயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுச் சரிசெய்து கொள்ளலாம். மிக நெட்டையானவருக்கு மட்டும் கணுக்கால் தெரியும்.)

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில நிற்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நிறுத்தப்பட்ட அவை, நின்ற நிலையிலேயே பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றும் உயரத்தில் அமைந்தவை. அமெரிக்காவில் 1952-இல் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டமும் இடுப்புப்பட்டையும் கொண்ட பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். தைத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி நெனா. தோளில் தொங்கிய சுமையை இடுப்பெலும்புக்கு மாற்றியதே அவர்கள் பைகளின் சிறப்பு. பட்டை வயிற்றில் ஏறிவிட்டால் அந்தப் பயன் போயிற்று.

ஆண்டவர் தம் நுகத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் மத்தேயு கையாளும் கிரேக்கச் சொல் 'கிறேஸ்தோஸ்'. நல்லது, இதமானது, பயனுக்கு உகந்தது என்றெல்லாம் அது பொருள்படும்; உரையாசிரியர் சிலர் 'நன்கு பொருந்துவது' என்றும் விரிப்பர். இயேசு தச்சராக இருந்தபோது கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன் எழுதியிருக்கிறார். அப்படியானால் மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்து மரம் இழைத்த கைகள் அவை. பன்னிருவரை அனுப்பியபோது பையே வேண்டாம் என்றார்; அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பள்ளிப் பைகளைப் பழுதுபார்க்கும் தையல்காரரிடம் இளைஞரை அழைத்துச் சென்றேன். வெறும் பட்டையைக் கீழே இறக்கித் தைத்தால் பை சரிந்துவிடும் என்று அவரே சொன்னார். கெட்டித் துணியில் இருபத்திரண்டு அங்குல உறை ஒன்று தைத்து, பழைய பிளாஸ்டிக் பெட்டியில் வெட்டிய தகட்டை அதனுள் செருகினார். பையை அதன்மேல் பொருத்தி, தோள்பட்டைகளை உச்சியிலும் இடுப்புப்பட்டையை அடியிலும் இணைத்தார். கூலி நூற்றைம்பது ரூபாய். பைக்குள் ஐந்து கிலோ அரிசியை வைத்து மாட்டிவிட்டு, "கொஞ்சம் நடந்து பாருங்க தம்பி" என்றார். இளைஞர் பேருந்து நிலையம்வரை போய்த் திரும்பி வந்து, இடப்பக்கப் பட்டையை இன்னும் அரை அங்குலம் குறைக்கச் சொன்னார்.