பஞ்சு எந்த ஊர்?

எனக்கு விளையாட்டு ஞானம் கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பள்ளிக்கூடத்து நாளில் பந்து என் பக்கம் வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டவன் நான். அப்படிப்பட்டவன் கால்பந்தைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன் என்றால், அதற்கு எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர்தான் பொறுப்பு.

அவர் கோயமுத்தூர் மில் ஒன்றில் முப்பது வருஷம் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவர். மில் டீமில் பந்தும் ஆடியவர். மில் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் விடியற்காலையில் சங்கு ஊதும் நேரத்துக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். ஊதாத சங்குக்கு எழுந்து, வாசலில் உட்கார்ந்துகொண்டு, பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிப்பார்.

2018 அக்டோபர் கடைசியில் ஒரு நாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, சாயங்காலம் சோலி ஏதாச்சும் இருக்குதுங்களா? நேரு ஸ்டேடியத்துல ஐ-லீக் மேட்ச். போயிட்டு வரலாமுங்க."

ஐ-லீக் என்பது இந்திய நாட்டுக் கால்பந்து சங்கங்கள் ஊர் ஊராகச் சென்று மோதிக்கொள்ளும் போட்டி. அந்த வருஷம் 11 அணிகள். ஒவ்வொன்றும் மற்றப் பத்து அணிகளோடும் இரண்டு முறை ஆட வேண்டும். சொந்த ஊரில் ஒன்று, எதிராளியின் ஊரில் ஒன்று. நம் பக்கத்து அணியின் பெயர் சென்னை சிட்டி. பெயர்தான் சென்னை, வாசம் கோயமுத்தூரில். முந்தின வருஷம் பத்து அணிகளில் எட்டாவதாக வந்த அணி அது.

எனக்குத் தொடர்கதைக்கு அத்தியாயம் கொடுக்க வேண்டியிருந்தது. "அடுத்த தடவை பார்க்கலாம் அண்ணா" என்றேன். அன்று சென்னை சிட்டி நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜயித்தது. பெத்ரோ மன்ஸி என்பவர் மூன்று கோல் போட்டாராம். மறுநாள் பெரியவர் அதைத் திண்ணையில் நடித்தே காட்டினார். அதன் பிறகும் அவர் அழைத்துக்கொண்டே இருந்தார். நான் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்தியாயம், தலைவலி, கல்யாணம், மறுபடி அத்தியாயம்.

கடைசியில் 2019 மார்ச் 9-ஆம் தேதி என்னால் தப்ப முடியவில்லை. அன்றுதான் கடைசி ஆட்டம். சென்னை சிட்டிக்கு 40 பாயிண்ட். அடுத்தபடியாக நின்ற கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 39. இங்கே நம்மவர்கள் முந்தின வருஷத்துச் சாம்பியன் மினர்வா பஞ்சாபோடு ஆட, அதே மாலை அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடுகிறார்கள். ஜயித்தால் மூன்று பாயிண்ட், சமன் என்றால் ஒன்று. அவர்கள் ஜயித்து நாம் சமன் செய்தாலும் போதும், கோப்பை கல்கத்தாவுக்கு ரயிலேறிவிடும்.

வ.உ.சி. பூங்காவைத் தாண்டி ஸ்டேடியத்துக்குள் போய் உட்கார்ந்தோம். சும்மா இருக்க முடியாமல் நான் என் புத்தியைக் காட்டினேன்.

"அண்ணா, இதை எப்படி நம் ஊர் டீம் என்கிறீர்கள்? பேரில் சென்னை. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கோல் போடும் மன்ஸியும், அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் நெஸ்டர் கோர்டில்லோவும் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். எட்வின், ரொமாரியோ என்று நம் பக்கத்துப் பையன்கள் சிலர் இருக்கிறார்கள், சரி. மற்றதில் கோயமுத்தூர் எங்கே இருக்கிறது?"

பெரியவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"எங்க மில்லுக்குப் பஞ்சு எகிப்துல இருந்து வந்துச்சுங்க தம்பி. மெஷின் இங்கிலாந்துல இருந்து வந்துச்சு. ஆனா நூலுக்குக் கோயமுத்தூர் நூலுன்னுதானுங்க பேரு. நூத்தது எங்கே, அதுதானுங்க கணக்கு."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆட்டமும் தொடங்கிவிட்டது.

தொடங்கிய சில நிமிஷங்களிலேயே மினர்வாக்காரர் ஒருவர் கோல் போட்டுவிட்டார். அத்தனை கூட்டமும் ஒரே சமயத்தில் வாயடைத்துப் போவதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஆமாம், கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இடைவேளை வரையில் அதே நிலைமை. பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

பின்பாதியில் ஒரு பெனால்டி கிடைத்தது. மன்ஸி அதைக் கோலாக்கினார். அது அந்தப் பருவத்தில் அவருக்கு 21-ஆவது கோல். சற்றுப் பொறுத்து கௌரவ் போரா என்ற அஸ்ஸாம் இளைஞர் இன்னொன்று போட்டார். அவர் வழக்கமாகக் கோல் போடுகிறவர் அல்லர், தடுப்பு ஆட்டக்காரர். பக்கத்தில் இருந்தவர்கள் செல்போனில் கோழிக்கோட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே முதலில் கோகுலம் முந்தியது. பிறகு ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் போட்டு அதை மிஞ்சிவிட்டது. ஆகவே இங்கே மினர்வா இன்னும் ஒரே ஒரு கோல் போட்டால் எல்லாம் போயிற்று! பந்து நம் கோலை நோக்கி வரும்போதெல்லாம் என் கால் தானாக உதைத்தது. முன்வரிசைக்காரரிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். ஆட்டம் முடியும் தறுவாயில் அதே போரா மறுபடி ஒரு கோல் போட்டார். மூன்றுக்கு ஒன்று. அவர்களுக்கு 42, நமக்கு 43. ஒரே ஒரு பாயிண்ட்!

ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டார். கசங்கிய கடலை முழுதும் என் சட்டையில்.

இரவு படுக்கும்போது கல்கத்தாவை நினைத்துக்கொண்டேன். 1920-இல் பிறந்த சங்கம் ஈஸ்ட் பெங்கால். 2004-இல் தேசிய லீகை வென்ற பிறகு 15 வருஷம் அவர்கள் காத்திருந்தார்கள். கடைசி ஆட்டத்தையும் ஜயித்துவிட்டுப் பட்டத்தைத் தோற்பது எப்படி இருக்கும்? நம் சந்தோஷத்தின் மறுபக்கத்தில் யாரோ சாப்பிடாமல் படுத்திருக்கிறார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியில் சென்னை சிட்டி ஆசியச் சாம்பியன்கள் போட்டியின் பூர்வாங்கச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் ஒரு கோலில் தோற்றது. மார்ச்சில் கொரோனா வந்து ஐ-லீகைப் பாதியில் நிறுத்தியது. அடுத்த பருவத்து ஆட்டங்கள் எல்லாம் வங்காளத்திலேயே நடந்தன. 2021-க்குப் பிறகு தேசிய லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயர் இல்லை. 2022-23 முதல் ஐ-லீகே இரண்டாம் படிக்கு இறங்கி, ஐ.எஸ்.எல். முதல் படியில் ஏறிக்கொண்டது.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்த அணி இல்லாமல் போனது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கோப்பை வந்த இரவில் கைதட்டிய ஊர், அணி போனபோது தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊரைச் சொல்வானேன்? நானும் பார்க்கவில்லை. எல்லாம் அடுத்த வருஷமும் இருக்கும் என்ற நினைப்புத்தான்.

பெரியவரிடம் போய் வருத்தத்தைச் சொன்னேன்.

"எங்க மில்லுலயும் அப்படித்தானுங்க தம்பி. கடைசி ஷிப்ட் முடிச்சு வந்த அன்னிக்கு, அது கடைசி ஷிப்டுன்னு யாருக்குங்க தெரியும்? டிபன் பாக்ஸைக் கழுவி மறுநாளைக்கு எடுத்து வெச்சேன்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனா நூத்த நூலு பொய்யில்லீங்களே" என்றார்.

பொய்யில்லைதான். ஆனால் அவர் சொந்த ஊர் ஆட்டம் பத்தையும் பார்த்தவர். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நான் பார்த்தது ஒன்றே ஒன்று. மற்ற ஒன்பதும் என்னுடைய அத்தியாயங்களுக்குள் போய்விட்டன. அந்த அத்தியாயங்களில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை.