ஒரு கணக்கு பாக்கி

ராத்திரி இரண்டு மணி. நண்பன் வீட்டு ஹாலில் படுத்திருந்தேன். போன் அடித்தது. “என்னது... செத்துப்போச்சா? எப்போ?” என்று அவன் கேட்க, பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

செத்தது ஆள் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்!

நாங்கள் இருவரும் பி.காம். ஒரே பெஞ்ச். நான் பத்திரிகைக்கு வந்தேன். அவன் கோபால் (ஆள் பெயர் அல்ல, கம்ப்யூட்டர் மொழி!) படித்து மெயின்ஃப்ரேம் பக்கம் போய்விட்டான்.

அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுக் காபி போட்டான்.

“நம்பர் இருக்கவேண்டிய இடத்துல வேற ஏதோ வந்து உக்காந்திருக்கு. கூட்டப்போன புரோகிராம் விழுந்துடுச்சு.”

“மொத்த மெஷினும் நின்னுபோச்சா?”

“சேச்சே! அந்த ஒரு ஜாப் மட்டும்தான்.”

ஐ.பி.எம். 1974-ல் கொண்டுவந்த எம்.வி.எஸ். என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வாரிசுதான் இன்று பெரிய வங்கிகளில் ஓடும் இசட்/ஓ.எஸ். அதை எழுதியவர்கள் ‘தப்பே நடக்காது’ என்று நம்பவில்லை. ‘நடக்கும். நடந்தால் என்ன செய்வது?’ என்று யோசித்தார்கள். முக்கியமான வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு புரோகிராம், ‘நான் விழுந்தால் இவரைக் கூப்பிடுங்கள்’ என்று ஒரு ரெக்கவரி ரொட்டீனின் விலாசத்தைக் கொடுத்துவைக்கலாம். விழுந்ததும் சிஸ்டம் அதை எழுப்பி, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் மாதிரி ஒன்றைக் கையில் கொடுக்கும். என்ன கோளாறு, எந்த இடத்தில், அப்போது நிலவரம் என்ன... எல்லாம் அதில் இருக்கும்.

ரொட்டீனுக்கு இரண்டே வழி. சரிசெய்ய முடிந்தால், பத்திரமான ஓர் இடத்திலிருந்து வேலையைத் தொடரவைக்கலாம். இது ரீட்ரை. முடியாவிட்டால், ‘என்னால் ஆகாது’ என்று தனக்கு மேலே இருக்கும் ரொட்டீனுக்கு அனுப்பிவிட வேண்டும். இது பர்கொலேட்.

“ஃபில்டர்ல டிகாக்‌ஷன் இறங்குதே, அந்த மாதிரி. ஆனா இங்கே மேல ஏறும்!” என்று டம்ளரை நீட்டினான்.

ரெக்கவரி ரொட்டீனே விழுந்தாலும் சிஸ்டம் அதற்கு மேலே இருப்பதைக் கூப்பிடும். யாராலும் முடியவில்லை என்றால், அந்த ஒரு வேலையை மட்டும் முடித்துவைத்துவிட்டு மற்றதைக் கவனிக்கும்.

“ஒரே ஒரு தர்மம்டா. மேல அனுப்பறதுக்கு முன்னாடி நடந்ததை எழுதிவெச்சுடணும். கையில பிடிச்சிருக்கிற பூட்டை விட்டுடணும். பிடிச்சுக்கிட்டே உக்காந்தா, தப்பே பண்ணாதவனும் பின்னாடி க்யூவுல நின்னு சாவான்.”

எனக்குக் காபி இறங்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒரு செய்தியில் ‘லட்சம்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘கோடி’ என்று எழுதிவிட்டேன். அச்சாகிவிட்டது. மறுநாள் ஆபீஸில் ஏக ரகளை. பழி, புரூஃப் பார்த்த பெரியவர் தலையில் விழுந்தது. என் கையெழுத்துப் பிரதி என் டிராயரிலேயே இருந்தது. மதியம் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அடுத்த மாதம் அவர் வேலையைவிட்டு நின்றுவிட்டார்.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடுவது பி.காம். பாடம். அது தற்காலிகம்தான், தப்பைக் கண்டுபிடித்து நேர்செய்ய வேண்டும் என்பதும் அதே பாடம். நான் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

விடிந்ததும், அப்போது கூட வேலை பார்த்த ஒருவருக்கு போன் போட்டேன்.

“அந்தப் பெரியவர் இப்ப எங்கே இருக்கார் சார்?”

“தாம்பரத்துல, பொண்ணு வீட்ல. ஏன், என்ன விஷயம்?”

“ஒரு கணக்கு பாக்கி இருக்கு சார்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.