காவிரிக்கரையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்!

காவிரியின் குறுக்கே படுகை அணை, பக்கத்திலேயே பூங்கா, கரையோரம் சுடச்சுட பொரித்த மீன்... நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் என்றதும் நினைவுக்கு வருவது இதுதான். விடுமுறை நாளில் குளித்து, சாப்பிட்டு, கிளம்பிவிடுவார்கள். ஆனால் டிசம்பரில் வருகிறவர்கள் சற்று நின்று சுற்றிப் பார்த்தால் ஒன்று புரியும். கிறிஸ்துமஸ் மரத்துக்கும் அலங்காரத்துக்கும் வேண்டிய பொருள்களில் பாதி இந்த மண்ணிலேயே விளைகிறது!

அதற்குக் காரணம் ராஜ வாய்க்கால். அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாகச் சொல்லப்படும் இந்த வாய்க்கால்தான், ஜேடர்பாளையத்தில் தொடங்கி பரமத்தி வேலூர் பக்கம் வரை வாழை, தென்னை, கரும்பு, வெற்றிலை என்று பசுமையாக வைத்திருக்கிறது.

சவுக்கு வந்த கதை

கிறிஸ்துமஸ் மரம் குளிர்நாட்டு வழக்கம். 1605-ம் ஆண்டிலேயே ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, காகித ரோஜா, ஆப்பிள், இனிப்புகளைத் தொங்கவிட்டார்கள் என்ற குறிப்பு உண்டு. 1848-ல் விக்டோரியா மகாராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வெளியானதும் இங்கிலாந்தில் அது பெரிய மோகமாகிவிட்டது.

நம் ஊரில் ஊசியிலை மரத்துக்கு எங்கே போவது? தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கண்டுபிடித்த மாற்று, சவுக்குக் கிளை. அதில் ஊசி ஊசியாகத் தெரிவது இலை அல்ல, மெல்லிய குச்சிகள். உண்மையான இலை, குச்சியின் கணுக்களில் பொடிச் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். செலவு குறைவு, பார்க்கவும் அழகு. ஒரே சங்கடம், காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும். ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்தில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

தொட்டியில் ஒரு சாய்ந்த மரம்

கிளையை வெட்ட மனமில்லையா? நர்சரிகளில் ‘கிறிஸ்துமஸ் ட்ரீ’ என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அராகேரியா. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவுதான் இந்த வகையில் ‘குக் பைன்’ மரத்தின் தாயகம். இதற்கு ஒரு வினோத குணம்: உலகில் எங்கே வளர்ந்தாலும் பூமத்திய ரேகைப் பக்கம் சாயும். அதனால் நம் ஊரில் தெற்கே சாயும். இது 2017-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

வாங்கும்போது நுனிக் குருத்து முறியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நுனி போனால் கூம்பு வடிவமும் போய்விடும். சமவெளி வெயிலில் இளங்கன்று வாடும் என்பதால், காலை வெயில் மட்டும் படும் இடமே நல்லது. பராமரித்தால் பல கிறிஸ்துமஸுக்குக் கூடவே வளரும்.

வெட்டியே ஆகவேண்டிய வாழை

ஜேடர்பாளையம் பக்கத்துக்கே உரிய மரம் என்றால் அது வாழைதான். ஒரு வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். தாரை அறுத்த பிறகு எப்படியும் வெட்டப்படும் மரம் அது. தோட்டக்காரரிடம் கேட்டு அந்த மரத்தை வாங்கி வந்தால், பண்டிகைக்காக ஒரு மரத்தைக் கொன்றோம் என்ற உறுத்தல் இல்லை. கல்யாண வாசலில் கட்டுகிற அதே வாழை, இயேசு பிறப்புக்கும் வாசலில் நிற்கட்டுமே! துணியில் கறை பட்டால் போகாது, அதில் மட்டும் கவனம்.

இடம் குறைவான வீடா? தேங்காய் பறித்த பின் மிஞ்சும் காய்ந்த குலைக்காம்பைக் கழுவி, வெள்ளை பூசி, ஜாடியில் நிறுத்துங்கள். கிளை கிளையாகப் பிரிந்த குட்டி மரம் தயார்.

முட்டை, முறுக்கு, ஓலை

மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைகளைப் பிரபலமாக்கியது ஜெர்மனியின் லவுஷா ஊர்க் கண்ணாடித் தொழிலாளர்கள். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் உருண்டைக்கா பஞ்சம்? முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, வண்ணம் தீட்டி, வாழை நாரில் கோத்துத் தொங்கவிடலாம். ஊதும் வேலை பெரியவர்களுக்கு, வண்ணம் பிள்ளைகளுக்கு!

பண்டிகைக்குச் சுடும் அச்சுமுறுக்கில் நடுவே துளை இருப்பது எவ்வளவு வசதி! நூலில் கட்டினால் பூவாகத் தொங்கும். 24-ந் தேதி இரவு கட்டினால் போதும். முந்தினால் எறும்பு முந்திக்கொள்ளும். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை மடிக்கத் தெரிந்த கைகளுக்கு, தென்னங்குருத்தில் நட்சத்திரம் மடிப்பதும் பெரிய வேலையல்ல.

ஆற்றுக்கு வேண்டாம் தெர்மாகோல்

வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். எத்தனை வருடம் திரும்பத் திரும்ப நிறுத்துகிறோமோ, அவ்வளவுக்கு அது நியாயம். புதிதாக வாங்கும் முன்தான் யோசிக்க வேண்டும்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு பல வீடுகளில் அலங்காரம் கலையும். வாழையும் ஓலையும் எருக்குழிக்குப் போய் உரமாகும். முட்டையோட்டை நொறுக்கிச் செடிக்குப் போடலாம். ஆனால் தெர்மாகோலும் ஜிகினாவும் மக்காது. காவிரியிலோ வாய்க்காலிலோ வீசினால், அவை போய்ச் சேரும் இடம் அடுத்த வருட வாழை நிற்கும் வயல்தான்.

சில நாளிலேயே பொங்கல். கரும்பும் மஞ்சளும் வாசலுக்கு வரும். அவற்றுக்கும் பாய்வது இதே தண்ணீர்தான்.