ஒரு சாட்சி போதாது

போர்க்காலத்தில் ஒரு மாலை. கப்பல்துறைப் பக்கம் குண்டு விழுந்து தீ எரிகிறது என்று ஒருவர் தொலைபேசியில் அறிவித்தார். பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரம். அவரது சொல்லை மட்டும் நம்பிச் செய்தி எழுதினேன். மறுநாள் அதை வாசித்த சில குடும்பங்கள் பிள்ளைகளோடு மழையில் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டன. உண்மையில் ஒரு தென்னையில் இடி விழுந்திருந்தது. பேசியவர் பொய் சொல்லவில்லை. அவர் தூரத்தில் நின்று வெளிச்சத்தை மட்டும் கண்டவர்.

இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செய்மதியைப் பற்றி வாசித்தபோது அந்தத் தவறு மீண்டும் நினைவுக்கு வந்தது. 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட செய்மதி அது. எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் 650 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. புறஊதாக் கதிர் முதல் வலிய எக்ஸ் கதிர் வரை, நான்கு கருவிகள் ஒரே பொருளை ஒரே நேரத்தில் நோக்குகின்றன. ஐந்தாவது கருவி வானத்தைத் துழாவி, புதிதாகப் பிரகாசிப்பவற்றைத் தேடுகிறது.

ஏன் இத்தனை சாட்சிகள்? அயல் விண்மீனிலிருந்து வாயுவை இழுத்து விழுங்கும் ஒரு கருந்துளையை எடுத்துக்கொள்வோம். விழும் வாயு தட்டுப்போலச் சுழன்று, உட்பகுதியில் கோடிப் பாகையை நெருங்கும் அளவுக்குச் சூடேறி, மெல்லிய எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. அதனிலும் சூடான இலத்திரன் முகில் அக்கதிர்களில் ஒரு பகுதிக்கு ஆற்றலூட்டி, வலிய எக்ஸ் கதிர்களாக அனுப்புகிறது. தட்டின் குளிர்ந்த வெளிப்பகுதி புறஊதாவில் ஒளிர்கிறது. ஏதேனும் ஒரு துண்டை மட்டும் அளந்தால், மாறியது தட்டா முகிலா என்று பிரித்தறிவது கடினம். இரண்டு விளக்கங்களும் பொருந்திவிடும். நிறமாலையை அகல விரித்து வைத்தால்தான் பொருந்தாதது விலகும்.

ஒரே நேரத்தில் அளப்பதும் முக்கியம். இத்தகைய பொருள்களின் ஒளி சில விநாடிகளிலேயே மாறக்கூடியது. ஒரு சாட்சியை இன்றும் மற்றவரை நாளையும் விசாரித்தால் அவர்கள் இரு வேறு சம்பவங்களைச் சொல்வார்கள்.

ஐந்தாண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்ட அஸ்ட்ரோசாட் 2025இல் பத்தாண்டுகளைக் கடந்தது. அதன் பாதை பூமத்திய கோட்டுக்கு 6 பாகையே சாய்ந்தது. எங்கள் தீவின் தென்முனை வரை ஏறி வந்து திரும்புகிறது. என் வெறுங்கண் அதைக் கண்டதில்லை.

இப்போதும் யாரேனும் பதற்றத்தோடு ஒரு செய்தி சொன்னால், "வேறு யார் கண்டது?" என்று கேட்கிறேன். அன்று அதைக் கேட்க இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.